சுவரில் எட்டுக் கோடு

அன்று ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்.

நான். திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தேன்.

பாஷா. ஷெட்டில் பாதி அவனுடையது. பின்னால் குழாயடியில் குந்தி, கழற்றிய பாகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஸ்டெல்லா. வண்டி அவளுடையது. ஓட்டுவதும் அவளே. கையில் சாக்பீஸோடு சுவரோரம் நின்றாள்.

அண்ணாச்சி. பக்கத்து உதிரிபாகக் கடைக்காரர். காஸ்கெட் கொடுக்க வந்தவரை நான்தான் நிறுத்திக்கொண்டேன். துணித் துண்டுகளை வைத்துக்கொண்டு என் வலப்பக்கம் நின்றார்.

ஐந்தாவது ஆள் கிடையாது. நடந்ததைச் சொன்னால் யாரோ ஒரு எடுபிடி செய்த தப்பு என்று நினைப்பீர்கள். அப்படி யாரும் அன்று இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்பது, என்ஜினில் கார்பன் எடுப்பது எப்படி என்று. அது உங்களுக்கே தெரியும். போனில் பார்த்து என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறீர்கள். மருந்து அடிக்கிறீர்கள், கேமரா விட்டுப் பார்க்கிறீர்கள். எங்களிடம் சுரண்டுகிற கம்பியும் பிரஷும்தான் இருந்தன. எடுப்பதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. எடுத்து முடித்த பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவுக்கு ராயபுரம். ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. காலையும் மாலையும் ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவாள். பிள்ளைகளுக்கு வீடு எர்ணாவூர் பக்கம், பள்ளி மணலியில். நடுவில் கிடைக்கிற வாடகைக்கும் ஓட்டுவாள். அந்த ஆறு பிள்ளைகள்தான் நிலையான பிழைப்பு.

வண்டி கருப்பாகப் புகை விட்டது. இழுவை இல்லை. அந்த வாரம் இரண்டு நாள் நடுவழியில் நின்றது. பிள்ளைகளின் அம்மாக்கள் பேசிவைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி.

காலையில் ஷெட் திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

"மூணரைக்கு ஸ்கூல் வாசல்ல நிக்கணும்ணா. நிக்கலன்னா ஆறு பசங்களும் பூடுவாங்க. அப்புறம் இந்த வண்டிய நீயே வெச்சி ஓட்டிக்கோ."

"நிக்கும்," என்றேன்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசி வழக்கமும் இல்லை.

காற்றைப் பிரித்து என்ஜினுக்குள் அனுப்பும் குழாய்க்கூட்டைக் கழற்றினோம். மேனிஃபோல்ட் என்று சொல்வோம். அதற்குப் பின்னால் என்ஜினில் எட்டு ஓட்டை. ஒவ்வொன்றிலும் என் கட்டைவிரல் நுழைய வேண்டும். சுண்டுவிரல் நுழையவில்லை. உள்ளே வார்னிஷ் போட்ட தார் மாதிரி கரி. பாஷா எட்டிப் பார்த்தான்.

"இத்த வெச்சிகினு எப்படி மூச்சு உட்டுச்சி மாமு? எங்க நானா பீடி குடிச்ச நெஞ்சுகூட இப்படி இல்ல." நானா என்றால் அவன் அம்மாவின் அப்பா.

ஒரு மணி வரை சுரண்டினேன். ஊதி, உறிஞ்சி, துடைத்து எடுத்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றும் சொல்வேன், அது நல்ல வேலை.

பாஷா மேனிஃபோல்டைக் கழுவி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை எட்டு ஓட்டையும் வாய் திறந்து கிடக்கக் கூடாது. எங்கள் ஷெட் திருவொற்றியூரில், பெரிய சாலையிலிருந்து இரண்டாவது தெரு. கடல் காற்று வீசினால் நிலக்கரித் தூளும் டிரெய்லர் புழுதியும் சேர்ந்து வரும். தகரக் கூரையிலிருந்தும் உதிரும். சுத்தம் செய்த ஓட்டையில் ஒரு கல் விழுந்தால் செய்த வேலை அத்தனையும் போச்சு. அதனால் துணி அடைப்பது.

அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. மூட்டையாக வருகிற பனியன் வேஸ்ட். ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இருக்காது. மஞ்சள் இருக்கும், கோடு போட்டது இருக்கும், கை அகலம் இருக்கும், விரல் அகலமும் இருக்கும். அன்று வந்ததில் ஒன்று கருப்பு.

எனக்கு ஒரு விதி உண்டு. எனக்குத் தொழில் காட்டியவர் கொடுத்தது. என்ஜின் வாய் திறந்திருந்தால் நம் வாய் மூடியிருக்க வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்து ஒரு தடவை ஒரு நட்டை உள்ளே விட்டுவிட்டார். என்ஜின் போனது. அதிலிருந்து அவர் ஷெட்டில் ஓட்டை திறந்திருந்தால் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். அவர் பேர் வேண்டாம். விதியை நான் முப்பது வருஷம் காப்பாற்றினேன்.

இன்னொன்று, உள்ளே போகிற துணியை எண்ண வேண்டும். எத்தனை போனதோ அத்தனை வெளியே வர வேண்டும். பாஷா கை ஈரம். அதனால் அண்ணாச்சியிடம் துணியைக் கொடுத்தேன். ஸ்டெல்லாவிடம் சாக்பீஸைக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி துணி குட்த்து நம்பர் சொல்வாரு. நம்பர் சொன்னா செவுத்துல ஒரு கோடு போடு. அவ்ளோதான். வேற பேச்சு பேசாத."

"சரிணா."

அண்ணாச்சி முதல் துணியை நீட்டினார். அவருக்கு வாய்க்குள்ளேயே சுற்றுகிற குரல். வெளியே டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை நான் கவனிக்கவில்லை. கவனிக்கத்தான் கோடு இருக்கிறதே. துணி கைக்கு வந்தது, வாங்கினேன், அடைத்தேன். இரண்டாவதும் அப்படியே.

பின்னால் ஸ்டெல்லா ஏதோ கேட்க வாயெடுத்தாள். "ண்ணா, அவரு..." என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதை அப்போது நல்லது என்று நினைத்தேன்.

மூன்றாவது ஓட்டைக்கு வந்தது அந்தக் கருப்புத் துணி. சின்னது. வைத்து விரலால் அழுத்தினேன். அளவுக்கு மேல் உள்ளே போய்விட்டது. விரலுக்கு எட்டவில்லை. சரி, எடுக்கும்போது கொக்கி விட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் மேலேயே இன்னொரு துணியை வாங்கி அடைத்தேன். அப்போது காற்று ஒரு வீச்சு வீசியது. கூரைத் தகரம் படபடத்தது. மேலிருந்து புழுதி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மிச்சம் ஐந்து ஓட்டையும் திறந்து கிடந்தன. அண்ணாச்சி நீட்ட நீட்ட வாங்கி அடைத்தேன். கடைசி ஓட்டையை மூடியபோது மூன்றாவது ஓட்டை என் மனசில் இல்லை.

கடையில் யாரோ கூப்பிட்டார்கள். அண்ணாச்சி போய்விட்டார்.

இரண்டரைக்கு மேனிஃபோல்ட் காய்ந்து வந்தது. துணிகளை எடுத்தேன். ஓட்டை வாயில் தெரிந்ததையெல்லாம் இழுத்துப் பக்கத்துப் பெஞ்சு மேல் வைத்தேன். எட்டு.

"எத்தினி கோடு?"

ஸ்டெல்லா விரல் வைத்து எண்ணினாள். "எட்டுணா."

ஓட்டை எட்டு. கோடு எட்டு. துணி எட்டு. மூன்றும் ஒத்துப்போனால் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை. டார்ச் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

மூடி முறுக்கினோம். ஸ்டார்ட் செய்தோம். முதலில் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. புகை இல்லை. லேசாக ஒரு நடுக்கம் இருந்தது. பானெட் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஓடி ஓடிச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணி மூன்று. அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

"கோயிலுக்கு ஒரு மெழுவத்தி உன் பேர்ல," என்றாள்.

"மெதுவா போ," என்றேன்.

போய்விட்டாள்.

நான் வாசல் குழாயில் சோப்புத் தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மூன்றேகால் இருக்கும். பக்கத்துக் கடையில் யாரோ போல்ட் கேட்டிருந்தார்கள். அண்ணாச்சி எடுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. கல்லா மேல் ஒவ்வொன்றாக விழுந்தது. கூடவே அவர் குரலும்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு."

என் கையில் நுரை அப்படியே நின்றது.

கடைக்குள் போனேன்.

"அண்ணாச்சி. மொதல்ல இன்னா சொன்னீங்க?"

"எதுக்கு?"

"மொத போல்ட்டுக்கு."

"லாபம்னு சொன்னேன். ஏன்?"

"ஒண்ணுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"ஒண்ணுன்னு என் வாயில வராது தம்பி. எங்க அப்பா ஊர்ல அரிசி அளந்த கடை. முதல் படிக்கு லாபம்னுதான் சொல்லணும். அப்படியே பழகிப்போச்சு. பிள்ளைகளை எண்ணினாலும் லாபம்தான்."

"மத்தியானம் துணி குட்த்தப்போ?"

"பின்ன, துணிக்கு மட்டும் மாத்தியா சொல்லுவேன்."

"மொத்தம் எத்தினி குட்த்தீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஒன்பது."

ஷெட்டுக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்தேன். எட்டுக் கோடு. நேராக, அழகாகப் போட்டிருந்தாள். நம்பர் சொன்னால் கோடு போடு என்று நான் சொல்லியிருந்தேன். லாபம் நம்பர் இல்லை. கேட்க வந்தாள். கேட்க விடவில்லை.

அப்போதுதான் மூன்றாவது ஓட்டை நினைவுக்கு வந்தது. கருப்புத் துணி, விரலுக்கு எட்டாத ஆழம். நடுக்கம்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியாருக்குச் சொல்கிறேன். மெதுவாகப் போகும்வரை அந்தத் துணி அங்கேயே கிடக்கலாம். வேகம் எடுத்து என்ஜின் காற்றைப் பலமாக இழுத்தால் துணி வால்வுக்குள் போகும். வால்வு மூடாது. மேலே வருகிற பிஸ்டன் அதை இடிக்கும். ஓடுகிற வண்டி ஒரே நொடியில் செத்துப்போகும். அப்போது ஸ்டீரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் பாறையாகிவிடும். மணலி விரைவுச் சாலையில் அவளுக்குப் பின்னால் கன்டெய்னர் டிரெய்லர் வரும். உள்ளே ஆறு பிள்ளைகள்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை. வண்டி ஓட்டும்போது போனை டேஷ்போர்டு பெட்டியில் போட்டு மூடிவிடுவாள். அது நல்ல பழக்கம். நானே முன்பு பாராட்டியிருக்கிறேன்.

பாஷா ஸ்கூட்டரை எடுத்தான். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாமு. ஒரு வேள உள்ள இல்லன்னா?"

"இல்லன்னா நல்லது."

"நீ சொல்லுவ நல்லதுன்னு. நடுரோட்ல நிறுத்தி பசங்கள எறக்கிட்டு அப்பால ஒண்ணும் இல்லன்னா, அந்தப் பொண்ணு பொழப்பு போச்சு. நம்ம ஷெட்டு பேரும் போச்சு. அண்ணாச்சி தப்பா எண்ணிருக்கலாம். துணி கீழ வுழுந்திருக்கலாம்."

அவன் சொன்னது நியாயம். கீழே பார்த்தோம். வண்டி நின்ற இடம், குப்பை டப்பா, அண்ணாச்சியின் சட்டைப்பை கூடப் பார்த்தோம். எங்கேயும் கருப்புத் துணி இல்லை. இல்லை என்பதும் சாட்சி ஆகாது. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

உங்கள் தொழிலில் இப்படி ஒரு இடம் வரும். தப்பு செய்தோமா இல்லையா என்று தெரியாது. தெரியும்வரை பொறுத்தால் தெரிந்துவிடும், ஆனால் தெரிகிற விதம் மோசமாக இருக்கும். நான் அதிகம் யோசிக்கவில்லை. வண்டியில் இருப்பது என் பேரப்பிள்ளை என்றால் இங்கே நின்று குப்பை டப்பாவைக் கிளறிக்கொண்டிருப்பேனா என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன்.

"வண்டிய எடு," என்றேன்.

உள்வழியாகப் போனோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. எதிரே ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று கேட்டது. வேறு எங்கோ போனது. பாஷாதான் ஓட்டினான். நான் அவன் தோளைப் பிடித்திருந்த பிடியில் மறுநாள் வரை வலித்ததாகச் சொன்னான்.

பள்ளி வாசலில் வண்டி இல்லை. காவலாளி கையைக் காட்டினார்.

"டிரைவர் அக்காவா? கரெக்ட்டா மூணரைக்கு வந்துச்சி. ஏத்திகினு கெளம்பிடுச்சி. அஞ்சி நிமிசம் இருக்கும். எக்ஸ்பிரஸ் ரோட்டு பக்கம்."

சரியான நேரத்துக்கு நின்றிருக்கிறாள். அதைக் கேட்டதும் பாஷாவின் முதுகைத் தட்டி வண்டியை எடுக்கச் சொன்னேன்.

சாத்தாங்காடு பக்கம் திரும்பினோம். அங்கே டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற வண்டிகள். மூன்று வரிசையில் இரண்டை அடைத்துவிட்டிருந்தன. கார்களும் ஆட்டோக்களும் மிச்ச வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த நெரிசலை நான் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அன்று திட்டவில்லை. அங்கே யாராலும் வேகம் எடுக்க முடியாது.

ஆனால் வரிசை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. முடிந்தால் அவள் வேகம் எடுப்பாள். பிள்ளைகளின் அம்மாக்கள் காத்திருக்கிறார்கள்.

டிரெய்லர்களுக்கு இடையில் இருந்த சந்தில் பாஷா ஸ்கூட்டரை விட்டான். இரண்டு பக்கமும் என் தலை உயரத்துக்குச் சக்கரம். வரிசை விடுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வண்டியைப் பார்த்தேன். பின் கண்ணாடியில் ஒரு பிள்ளை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

முன்னால் போய் குறுக்கே நிறுத்தச் சொன்னேன். இறங்கிக் கையைக் காட்டினேன். ஸ்டெல்லா கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னாணா? இன்னாத்துக்கு இங்க?"

"ஓரம் கட்டு. என்ஜின ஆஃப் பண்ணு."

"ஏன்?"

"ஆஃப் பண்ணு மொதல்ல."

ஓரம் கட்டினாள். அணைத்தாள். அந்தச் சத்தம் நின்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உள்ளிருந்து ஒரு பெண் பிள்ளை கேட்டது. "டிரைவர் அக்கா, இந்தத் தாத்தா போலீசா?"

"போலீசு இல்ல, அத்தவிட பேஜாரு," என்றாள் ஸ்டெல்லா. பிள்ளைகள் சிரித்தன. அவள் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி வந்தாள்.

"சொல்லு."

"துணி ஒண்ணு உள்ள நின்னுடுச்சின்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"ஆமா."

"தெரியாதா?"

"தொறந்தாதான் தெரியும்."

அவள் என்னையே பார்த்தாள். "உள்ளே இருக்கு, பார்த்தேன்" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாக்குவாதம் இருந்திருக்காது. ஆனால் அவள் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள். நான் சொல்வதைத்தான் அவள் சொல்வாள். அதனால் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன்.

"தெரியாததுக்கு இவங்கள நடுரோட்ல எறக்கணுமா? நாலு மணிக்கு அங்க எல்லாம் வாசல்ல நின்னுகினு இருப்பாங்க. நின்னா பூட்ச்சின்னு உன்கிட்ட காலைலயே சொன்னேன்."

"சொன்ன."

"எட்டு எட்டுன்னு எண்ணிதான எட்த்த? நான்தான கோடு போட்டேன்?"

"அண்ணாச்சி மொத துணிக்கு இன்னா சொன்னாரு?"

அவள் நிறுத்தினாள். யோசித்தாள். முகம் மாறியது.

"லாபம்னாரு."

"அதான் ஒண்ணு."

"லாபம் நம்பரா?" என்றாள். "எனக்கு அது இன்னான்னே தெரியல. ஏதோ சாமி பேரு மாதிரி சொல்லிட்டு ஆரம்பிக்கிறாருன்னு நெனச்சேன். அப்பால ரெண்டுன்னாரு. ஒண்ணு எங்கன்னு கேக்கதான் வந்தேன். பேசாதன்னு பார்த்த."

"ஆமா."

"கடசியா ஒம்போதுன்னாரு. ஹாரன் சத்தம். சரியா காதுல வுழலன்னு உட்டுட்டேன். கோடு எட்டு, ஓட்ட எட்டு. சரியாதான இருந்திச்சி."

"உன் தப்பு இல்ல."

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பாலம் ஏறும்போது ஒதறுச்சிணா. ரெண்டு தபா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். சொன்னா வண்டிய உடமாட்ட."

பாஷா தெரிந்த ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரைப் பிடித்து வந்தான். ஸ்டெல்லா பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினாள். ஆட்டோவில் ஏற்றினாள். ஏற்றிய பிறகு மறுபடி ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினாள். தொடாமல் அவள் எண்ணவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாவியை என் கையில் வைத்தாள்.

"உள்ள அந்தத் துணி இல்லாம இருக்கட்டும்னு வேண்டிக்கவா, இருக்கட்டும்னு வேண்டிக்கவா? நீயே சொல்லு."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஸ்டெல்லாவும் பிள்ளைகளோடு ஏறிக்கொள்ள, ஆட்டோ போனது. பாஷா இழுத்துப்போக வண்டி பார்க்கப் போனான். நான் அந்த ஓரத்தில் தனியாக நின்றேன். டிரெய்லர்கள் பக்கத்தில் போகும்போது வண்டி ஆடியது. பானெட் மேல் கை வைத்திருந்தேன். சூடு இறங்கிக்கொண்டே வந்தது.

கட்டி இழுத்து ஷெட்டுக்கு வந்து சேர ஆறு மணி ஆகிவிட்டது. பாஷா அப்போதே திறக்கலாம் என்றான். வேண்டாம் என்றேன்.  ஸ்டெல்லா கண்முன்னால்தான் திறக்க வேண்டும். நான் மட்டும் திறந்து, நானே ஒரு துணியைக் காட்டினால் அதற்கு என்ன மதிப்பு.

மறுநாள் காலை அதே நான்கு பேர். ஸ்டெல்லா முந்தின மாலை நடந்ததைச் சொன்னாள். எல்லா அம்மாக்களிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் அப்போதே வேறு வண்டி பார்த்துவிட்டார்கள். மிச்சம் நான்கு பேர், திறந்து பார்த்து என்ன என்று சொல், பிறகு பேசுவோம் என்றார்களாம்.

மேனிஃபோல்டைக் கழற்றினேன். டார்ச்சைப் பையிலிருந்து எடுத்தேன். முதல் ஓட்டை. காலி. இரண்டாவது. காலி. மூன்றாவது.

இருட்டு. வெறும் கருப்பு. ஸ்டெல்லாவும் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லணா."

அவள் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் புரிந்தது. ஒன்றும் இல்லை என்றால் மிச்சம் நாலு பிள்ளைகளும் போவார்கள், அதுவும் வீணாக. அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாஷா ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

சுத்தம் செய்த ஓட்டை அவ்வளவு கருப்பாக இருக்கக் கூடாது. அது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. மற்ற இரண்டிலும் டார்ச் வெளிச்சம் பட்டு உலோகம் மின்னியது. இதில் மின்னவில்லை.

கொக்கிக் கம்பியை விட்டேன். மெத்தென்று பட்டது. இழுத்தேன். வரவில்லை. பிடித்திருக்கிறது. பாஷாவைக் கூப்பிட்டு என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னேன். கால் சுற்று. இன்னும் கொஞ்சம். வால்வு திறந்தது. கம்பி இலகுவானது.

துணி வந்தது.

கருப்புத் துணி. ஒரு ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கடி. வால்வு கடித்த இடம். நூல் அறுந்து, நுனி பொசுங்கியிருந்தது. இன்னும் ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்திருந்தால் உள்ளே போயிருக்கும். அவ்வளவு மிச்சம்.

 ஸ்டெல்லா போனில் அதைப் படம் பிடித்தாள். நான்கு அம்மாக்களுக்கும் அனுப்பினாள். அந்த நான்கு பிள்ளைகளும் பல வருஷம் அவள் வண்டியில்தான் போனார்கள். போன இரண்டு திரும்பி வரவில்லை. அது என் கணக்கில் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எண்ணுங்கள். எண்ணியதை நம்பாதீர்கள். டார்ச்சைப் பையில் வைத்துக்கொண்டு கோட்டைப் பார்க்காதீர்கள். ஓட்டையைப் பாருங்கள். பிறகு அந்த ஷெட்டில் என் கடைசி நாள் வரை நான் ஒரு விதிதான் வைத்திருந்தேன். என்ஜின் வாய் திறந்திருந்தால், புரியாதவன் வாயும் திறக்க வேண்டும். யாராக இருந்தாலும். வண்டிக்காரராக இருந்தாலும், டீ கொண்டு வந்தவராக இருந்தாலும். எனக்குத் தொழில் காட்டியவர் இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

அன்று காலை நான் வேலையை மறுபடி தொடங்குவதற்கு முன் ஸ்டெல்லா, "இரு" என்றாள். முந்தின நாள் எடுத்த எட்டுத் துணிகளும் பெஞ்சு மேலேயே சுருண்டு கிடந்தன. அவற்றை அங்கேயே ஒவ்வொன்றாக விரித்தாள். கடைசியில் கருப்பை வைத்தாள்.

"அண்ணாச்சி, வாங்க. எண்ணுங்க."

"நான் மாட்டேன்மா," என்றார் அவர். "என் வாயால வந்த வினை போதும்."

"அப்ப நான் எண்றேன்."

ஒவ்வொரு துணியையும் விரலால் தொட்டாள். முதல் துணியைத் தொட்டு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"லாபம்," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் நிறுத்தாமல் மேலே எண்ணினாள். சத்தமாக. கடைசித் துணியில் விரல் நின்றது.

ஒன்பது.